அய்ரோலோவில் எங்களைத் தாங்கிய எல்லோருக்கும்

அன்பானவர்களே,

வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். கார் வாசலில் நிற்கிறது. எந்த லொறியின் முதுகிலும் ஏறாமல், தன் நான்கு சில்லில் தானே ஓடி வந்து நிற்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் இரண்டு தரம் எழும்பிப்போய் யன்னலால் பார்த்துவிட்டு வந்தேன்.

சுவிஸில், கொத்தார்ட் மலைக்கு ஏறும் பாதையில், அய்ரோலோ ஊருக்குப் பக்கத்தில் எங்கள் பழைய மொறிஸ் மைனரின் முன் சில்லு உள்ளே மடங்கிப்போனதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. படங்கள் அன்றிரவே உங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டன. அந்த ஆறு நாளும் எங்களோடு சேர்ந்து நித்திரை இல்லாமல் கிடந்தவர்கள் நீங்கள். அண்ணாவுக்கும் எனக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதை மட்டும் இன்னொருதரம் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் எண்பதில் ஓடும்போது நடக்க வேண்டியது, கொண்டை ஊசி வளைவில் கார் ஆமைபோல ஊர்ந்துகொண்டிருந்தபோது நடந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அம்மா தேங்காய் உடைத்துவிட்டார்.

மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டும்.

அந்த வளைவுக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, தூறலில் ஒன்றரை மணி நேரம் நின்று வாகனங்களை மறித்துவிட்ட அந்த இரண்டு ஜேர்மன் பெடியன்களுக்கு நன்றி. உங்கள் பெயரைக் கேட்கவே மறந்துபோனேன். வைக்கோல் ஏற்றும் ட்ரெயிலரில் பலகை போட்டுக் காரை ஏற்றி, தன் கொட்டிலில் இடம் ஒதுக்கித் தந்த விவசாயிக்கும், வாடகை என்ற சொல்லை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டு உள்ளே போன அவருடைய மனைவிக்கும் நன்றி. லண்டனில் தன் காருக்கென்று வாங்கி வைத்திருந்த முன் சில்லுப் பாகத்தை ஒரு பேச்சும் பேசாமல் எடுத்துத் தந்த பழைய கார் கிளப் நண்பருக்கு நன்றி. முதலில் அனுப்பிய பொதி ஏதோ ஓர் எல்லையில் படுத்துவிட்டது. அதைப்பற்றி இனிப் பேசி என்ன. இரண்டாவது பொதியை மருமகன் தன் தோள்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினான். 2016-இல் கொத்தார்ட் மலைக்கு அடியால் 57 கிலோமீற்றர் ரயில் சுரங்கம் திறந்த பிறகு வேக ரயில்கள் மலைக்கு அடியாலேயே போய்விடுகின்றன, அய்ரோலோ பக்கம் வருவதில்லை. பாரிஸ், பாசல் என்று மாறி மாறி, கடைசியில் மலைமேல் ஏறும் பழைய பாதை வண்டியில் வந்து இறங்கினான். ஐந்து கிலோ இரும்பையும் ஒரு பாணையும் தவிர அவன் கையில் எதுவும் இல்லை. பெலின்சோனாவில் இருக்கும் தம்பியும் தங்கச்சியும், எங்களை முன்பின் அறியாதவர்கள், அறுபது கிலோமீற்றர் ஓடி வந்து நான்கு நாள் இடியப்பமும் சொதியும் தந்தார்கள். தம்பியின் இத்தாலி மொழி இல்லாவிட்டால் நாங்கள் அந்தக் கொட்டிலில் ஊமைகள்.

இவ்வளவு பேரையும் ஒரு பத்திக்குள் அடைப்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவரிடமும் நேரில் வருவேன். இன்று எழுத உட்கார்ந்தது வேறொருவருக்காக.

மூன்றாம் நாள். சில்லை ஒட்டிய நட்டில் இரண்டு கழற்ற முடியாமல் நின்றன. எங்கள் மொறிஸ் மைனர் 1967-இல் செய்தது, நட்டும் போல்ட்டும் எல்லாம் அங்குலக் கணக்கு. அந்தப் பக்கத்துக் கராஜ்களில் இருப்பது மில்லிமீற்றர் ஸ்பனர்கள். சிலதுக்குச் சமாளிக்கலாம். முக்கால் அங்குல நட்டுக்குப் பத்தொன்பது அச்சொட்டாகப் பிடிக்கும். அரை அங்குலத்துக்குப் பதின்மூன்று ஒருமாதிரிப் போகும். 9/16 தான் யாருக்கும் அடங்காது. பதினாலு உள்ளே போகாது, பதினைந்தைப் போட்டால் ஆடி ஆடி நட்டின் மூலையைத் தின்றுவிடும். எங்களிடம் இருந்த 9/16 முதல் இரவே, அந்த வளைவில், இருட்டில் கைநழுவிச் சரிவுக்குள் போய்விட்டது.

மனம் சோர்ந்துபோய் இருந்தோம். பற்றரி இறங்கிப்போய்விடும், ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணி வைப்போம் என்றார் அண்ணா. ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டோம். அவ்வளவுதான்.

கொட்டில் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். எண்பத்தைந்து வயது இருக்கும். கையில் தடி, தோளில் கம்பளிச் சால்வை, காலில் வீட்டுச் செருப்பு. எங்களைப் பார்க்கவில்லை. மூடி திறந்திருந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னவோ சொன்னார். நான் தம்பிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“இந்தச் சத்தம் தனக்குத் தெரியுமாம் அண்ணா” என்றான் தம்பி. “பதினொரு வருசமா இந்தத் தெருவில கேக்கேல்லையாம்.”

கதை மெல்ல மெல்ல வந்தது. அறுபதுகளில் மிலானில் இன்னொசென்ற்றி தொழிற்சாலை ஒஸ்ரின் ஏ40 காரையும், 1965-இலிருந்து மினியையும் ஆங்கிலேயரிடம் உரிமம் வாங்கிச் செய்தது. அவருடைய கணவர் அங்கே வேலை செய்தவர். பிறகு ஊருக்குத் திரும்பி, வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை வைத்து, கடைசிவரை ஒரு மினி ஓட்டினார். அந்த மினியில் இருந்ததும் எங்கள் மைனரில் இருப்பதும் ஒரே குடும்பத்து எஞ்சின். அடுப்படியில் நின்ற அந்த அம்மாவுக்கு அது காதில் விழுந்திருக்கிறது.

மடிப்பையிலிருந்து நூலில் கட்டிய சாவி ஒன்றை எடுத்தார். தெருவைக் கடந்து அவர் பின்னால் போனோம்.

கதவு திறந்ததும் முதலில் வந்தது மண்ணெண்ணெய் வாசம். அப்புறம் லைற்றைப் போட்டார். சுவர் முழுக்க ஒரு பச்சைப் பலகை. ஒவ்வொரு ஸ்பனருக்கும் ஓர் ஆணி, ஆணியைச் சுற்றி அந்த ஸ்பனரின் உருவம் வெள்ளைப் பெயின்ற்றால் கீறியிருந்தது. எதை எடுத்தாலும் அது திரும்பி வரவேண்டிய இடம் சுவரிலேயே எழுதி இருக்கிறது. இடப்பக்கம் மில்லிமீற்றர். வலப்பக்கம் அங்குலம். ஒரு வெள்ளைக் கோடுகூட வெறுமையாக இல்லை.

அண்ணா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓட்டியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதுவும் மைனர்தான். 1990-இல் பெற்றோல் வராமல் போனதும் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொன்போல வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகை வெள்ளையாகப் போகும். எங்கள் சட்டை, பாய், புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாசம். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது நான் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டிருந்தேன். அண்ணாதான் அப்பாவோடு இருந்தார். கார் நின்றபடி நின்றது. ஸ்பனர்களைச் சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் வைத்துவிட்டு, வந்து எடுக்கலாம் என்று அப்பா சொன்னாராம். அவை என்ன ஆயின என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அதனால்தான் அண்ணா அந்தப் படியைத் தாண்ட அவ்வளவு நேரம் எடுத்தார். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. அவர் உள்ளே வரும்வரை காத்துக்கொண்டு நின்றார்.

9/16-ஐ அவரே எடுத்துத் தந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். மெல்லிய எண்ணெய்ப் படலம், அதன்மேல் பஞ்சுபோல் தூசு. எண் பாதி தேய்ந்துவிட்டது. தலைப்பக்கம் ஒருபுறத்தை அரத்தால் அராவி மெலிதாக்கியிருந்தார் அந்த மனிதர். அரம் போன கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஏதோ ஒரு மினியில், ஏதோ ஓர் இடுக்குக்குள் நுழைவதற்காக, என்றோ ஒருநாள் செய்திருக்கிறார். எங்களுக்கு எதிரே நின்ற நட்டிலும் அதே இடுக்குத்தான் இருந்தது. புதுக் கடைச் ஸ்பனர் கிடைத்திருந்தாலும் அங்கே போயிருக்காது என்று நான் நினைக்கிறேன். இது போனது. அண்ணா மூச்சைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது.

நாங்கள் பார்த்தேயிராத ஒருவர், எங்களை அறியாமலே, எங்கள் வேலையை எப்போதோ பாதி செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு யாரிடம் நன்றி சொல்வது? அந்த அம்மாவிடம்தான் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னேன். தம்பியை மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.

மற்ற மூன்று நாளும் அவர் ஒரு நாற்காலியைக் கொட்டில் வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பின்னல். ஒவ்வொரு ஸ்பனரும் எந்த ஆணியிலிருந்து வந்தது என்பது அவருக்கு மனப்பாடம். கடைசி நாள் அண்ணா எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டினார். ஒன்று மட்டும் தலைகீழாக மாட்டுப்பட்டுவிட்டது. அந்த அம்மா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் அதைத் திருப்பி மாட்டினார்.

பிறகு 9/16-ஐக் கழற்றி என் கையில் வைத்தார்.

வேண்டாம் என்றேன். தம்பி போனில் இருந்தான். “பாதை நீளமாம் அண்ணா. வீடு போய்ச் சேரும்வரை வச்சிருக்கட்டாம். பிறகு கொண்டுவந்து மாட்டச் சொல்லுறா.”

திரும்பும்போது கார் போகும் சுரங்கத்தால் போங்கள் என்று எல்லோரும் சொன்னீர்கள். 17 கிலோமீற்றர், கால் மணி நேரத்தில் மலையின் அந்தப் பக்கம். சரி என்றுதான் நானும் இருந்தேன். அண்ணா ஸ்ரியரிங்கைப் பிடித்ததும் பழைய ட்ரெமோலாப் பாதைக்கே திருப்பினார். கருங்கல் பாவிய 24 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் முழு ஒடி ஒடிக்கும்போது நான் மூச்சை விடவில்லை. நாங்கள் விழுந்த வளைவில் யாரோ வைக்கோல் துண்டுகளைக்கூடக் கூட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். 2106 மீற்றரில், கொத்தார்ட் உச்சியில் நிறுத்தி, இறங்கி, முன் சில்லைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் சூடு மட்டும்தான் இருந்தது.

இனி ஒரு சத்தியம், உங்கள் எல்லோர் முன்னாலும். மைனரின் முன் சில்லை ட்ரனியன் என்ற மூட்டுத்தான் தாங்குகிறது. திருகாணிபோல மரை வெட்டிய தண்டு அதற்குள் சுழலும். கிறீஸ் வற்றினால் மரை தேயும், தேய்ந்த மரை ஒருநாள் கழன்று வரும், சில்லு உள்ளே மடங்கிவிடும். ஆயிரம் மைலுக்கு ஒருதரம் கிறீஸ் அடிக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். லண்டனிலிருந்து நேப்பிள்ஸ் போய் அய்ரோலோ திரும்பும்வரை மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடினோம், கிறீஸ் கன்னைத் தொடவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டது நான். இனி ஐந்நூறு மைலுக்கு ஒருதரம் என் கையால் அடிப்பேன். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களே, உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன், இன்று மாலையே காருக்கு அடியில் ஒருக்கால் குனிந்து பாருங்கள். அங்குல ஸ்பனர் ஒரு முழுச் செற் இனி என் காரில் எப்போதும் இருக்கும். வழியில் நிற்கும் எவருக்கும் அது சொந்தம்.

அந்த 9/16 இப்போது என் மேசையில் இருக்கிறது. அய்ரோலோவுக்குக் கீழே ஒரு பட்டறைச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு வெறுமையாக இருக்கிறது. பனி கரைந்து மலைப்பாதை திறக்க மே முடிவு, ஜூன் தொடக்கம் ஆகும். அண்ணா லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவுக்குத் தேயிலை பிடிக்குமா என்று தம்பியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.