முதல் போட்டிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நாட்டிங்ஹாமில் நடக்கும் கிங்ஸ் ஆஃப் வார், அதாவது மேஜையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் ஆட்டத்தின் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். இந்த விதிகளை எழுதிய அலெஸ்ஸியோ கவாத்தோரே முன்பு வார்ஹேமர் என்ற இதே வகை ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பில் இருந்தவர். அதனால் வார்ஹேமர் வாடை கொஞ்சம் அடிக்கும். அதை நம்பி அந்தப் பழக்கத்தில் ஆடினால் அடி வாங்குவாய்.

முதலில் பாய்ச்சல், அதாவது எதிரிப் படைமேல் போய் மோதுவது. தூரம் வேகத்தின் இரு மடங்கு, அவ்வளவுதான், டைஸுக்கு வேலையில்லை. வேகம் 8 உள்ள குதிரைப்படை 16 அங்குலம் பாயும். அளக்க எப்போதும் அனுமதி உண்டு என்பதால் பதினாறரை அங்குலத்தில் நிற்பது உன் கையில்தான். நிறுத்தும்போதே, "உங்க குதிரைக்கு எட்டாத தூரத்துல வைக்கிறேன், சரிதானே?" என்று வாய்விட்டுக் கேள். எதிராளி டேப் வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு கையை எடு. நடுவில் யாராவது மேஜையை இடித்து ட்ரே (ஒரு படையின் பொம்மைகள் நிற்கும் தட்டு) கால் அங்குலம் நகர்ந்தாலும் தகராறு வராது. நட்புப் போட்டி என்பதன் அர்த்தமே இதுதான். விட்டுக்கொடுத்து ஆடுவது அல்ல.

பக்கவாட்டில் பாய்ந்தால் தாக்க உருட்டும் டைஸ் இரட்டிப்பு, பின்னாலிருந்து மும்மடங்கு: 12 என்பது 24, 36 ஆகிவிடும். எது பக்கவாட்டு என்பதை மோதும் இடம் தீர்மானிக்காது. பாய்வதற்கு முன் உன் படையின் முன்விளிம்பு நடுப்புள்ளி எதிரியின் எந்தப் பகுதிக்குள் (முன், பக்கம், பின்) இருந்தது என்பதுதான் கணக்கு. எதிரியின் மூலையிலிருந்து 45 டிகிரியில் போகும் கோட்டில் வருகிற வாக்குவாதம் எல்லாம் இந்தப் புள்ளியைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்ப்பதால்தான். ஒவ்வொரு ட்ரேயின் முன்விளிம்பிலும் நடுவில் சின்னதாக வெள்ளைப் பெயின்ட் வைத்துவிடு.

அடிபட்ட பொம்மைகளை இங்கே எடுப்பதில்லை. சேதம் ஏறிக்கொண்டே போகும். தாக்கியவர் இரண்டு டைஸ் உருட்டி, வந்ததோடு சேதத்தைக் கூட்டுவார். 14/16 என்று குறித்த படை, கூட்டுத்தொகை 14 வந்தால் தடுமாறும், 16 வந்தால் ஓடும். சேதம் 6 என்றால் ஓட 10 வேண்டும், அது ஆறில் ஒரு வாய்ப்பு. சேதம் 9 ஆனால் 7 போதும், பாதிக்கும் மேல். ஆகவே இரண்டு படைகளை அரைகுறையாக அடிக்காதே, ஒன்றையே முடி. எதிரியின் தளபதி 6 அங்குலத்துக்குள் நின்றால் 'ஓடும்' முடிவைத் திரும்ப உருட்டச் சொல்வார், அதையும் எண்ணிக்கொள்.

உன் முறையில் எல்லா டைஸையும் நீதான் உருட்டுகிறாய் என்பதால் செஸ் கடிகாரம் இந்த ஆட்டத்துக்கு அப்படியே பொருந்தும். ஆளுக்கு 60 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 6 சுற்றுக்குப் பத்துப் பத்து என்று பிரிக்காதே. முதல் இரண்டையும் தலா ஆறேழு நிமிடத்தில் முடி. மோதல் நடக்கும் மூன்றாவதும் நான்காவதும்தான் நேரத்தைத் தின்னும். ஆறாவது சுற்று முடிந்து ஒரு டைஸில் 4 அல்லது மேல் விழுந்தால் ஏழாவதும் உண்டு, அதற்கும் நேரம் மிச்சம் வேண்டும். விதிச் சந்தேகம் வந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடு.

20 காலாட்கள் கொண்ட ரெஜிமென்ட்டை 100க்கு 80 மில்லிமீட்டர் ட்ரேயில் மொத்தமாக ஒட்டிவிடு, நகர்த்துவது சட்டென்று முடியும். முன்வரிசை ஈட்டிகள் விளிம்பைத் தாண்டி நீட்டினால் எதிரியின் ட்ரேயோடு ஒட்டி நிற்காது, செங்குத்தாகப் பிடித்தபடி ஒட்டு. சேதத்தைக் குறிக்க உருட்டும் டைஸை வைக்காதே. அவசரத்தில் அதையே அள்ளி உருட்டிவிடுவார்கள், எண்ணிக்கை போய்விடும். வேறு நிறத்தில் சின்ன டைஸ் வாங்கிக்கொள். படைப்பட்டியலில் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை எதிராளி கையில் கொடு. சூப்பர் க்ளூவை மறக்காதே. சாப்பாட்டையும்.

அன்புடன்,
அம்மா