இல்லத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்டு மீண்டு வந்த பெண்களுக்கான நம் இல்லத்தின் கட்டட வேலை தை மாதக் கடைசியில் முடிந்தது. இடம் மதுரைக்குப் பக்கம் என்பதற்கு மேல் இதில் எழுத மாட்டோம். திறப்பு விழா வைக்காததும், நன்கொடையாளர் பெயர் போட்டுக் கல்வெட்டு பதிக்காததும் இதற்காகத்தான். தேடி வருகிறவர்கள் எல்லாரும் நல்லதுக்கு வருவதில்லை. பால் காய்ச்சி ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்தோம், அவ்வளவுதான். இது என்ன கோயிலா, திருப்பணி என்று எழுதுகிறீர்களே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பத்துப் பேர் பணம் போட்டுச் செய்கிற வேலைக்கு மதுரைக்காரர் வாயில் வேறு சொல் வரவில்லை.

மொட்டை மாடியில் புதுத் தட்டோடு பதித்தாயிற்று. கழிவறை இரண்டு கூடின. குளியலறைத் தரைக்கு முதலில் வாட்டம் தப்பாக விட்டதில் தண்ணீர் வாசலுக்கே ஓடி வந்தது. உடைத்து மறுபடி போட்டோம். அந்தச் செலவு மேஸ்திரிக்குப் பாதி, நமக்குப் பாதி.

வேலை நடந்தபோது யாரையும் வெளியே மாற்றவில்லை. ஊர் ஊராக மாற்றப்பட்டே வந்தவர்கள் அவர்கள். கட்டடத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் கை வைத்தோம். ஆண் ஆட்கள் காலை பத்திலிருந்து நாலு வரைதான். கொத்தனார்களுக்கு முதலில் எரிச்சல், அப்புறம் பழகிவிட்டது.

குழு செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறோம். அறைக் கதவுகளில் வெளிப்பக்கம் இருந்த பழைய தாழ்ப்பாளைப் பாதுகாப்பு என்று நினைத்து வரைபடத்தில் அப்படியே வைத்திருந்தோம். அதைப் பார்த்த ஒரு பெண், "அங்கேயும் வெளியேதானே பூட்டுனாங்க?" என்றார். எல்லாவற்றையும் கழற்றினோம். தச்சர் மரத்தூளும் பசையும் குழைத்து ஓட்டைகளை அடைத்துத் தேய்த்து பெயிண்ட் அடித்தார். கிட்டப் போனால் நாலு வட்டம் இன்னும் தெரியும். இப்போது தாழ்ப்பாள் உள்பக்கம். ஆபத்துக்குத் திறக்கும் சாவி பொறுப்பாளரிடம். எடுத்தால் நோட்டில் எழுத வேண்டும். முதல் ராத்திரி ஓர் அறையில் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக ரொம்ப நேரம் சத்தம் கேட்டது. பொறுப்பாளர் போய் என்னவென்று கேட்கவில்லை.

வெளி கேட்டுக்குப் பூட்டு உண்டு, அதை மறைக்கவில்லை. 1956-ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில், மாஜிஸ்திரேட் விசாரித்து ஒருவரை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இது போன்ற காப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். அப்படி வருகிறவர்களில் எல்லாரும் தாமாகக் கேட்டு வந்தவர்கள் அல்ல. விருப்பமில்லாமல் வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து, விடுவிப்பதைப் பரிசீலிக்கச் சொல்லி 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கோப்புகளுக்காகவே அலுவலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறோம்.

மாடிப்படிக்கு அடியில் வந்த சின்ன அறை காணொலி சாட்சியத்துக்கு. வழக்கு எங்கோ வெளிமாநிலத்தில் நடக்கும். நீதிமன்றம் அனுமதித்தால் இங்கிருந்தே பேசலாம், இரண்டு நாள் ரயிலில் போய் அதே ஆட்களின் முன்னால் நிற்க வேண்டாம். சுவருக்கு வெறும் வெள்ளை அடித்திருக்கிறோம், பின்னால் எதுவும் தெரிந்து இடம் பிடிபடக் கூடாது.

தையல் கூடத்துக்கு மின் இணைப்பு பாக்கி. வரவு செலவுக் கணக்கை நகர் அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் பார்க்கலாம். இல்லத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்; உள்ளே இருக்கிறவர்களிடம் கேட்போம். அவர்கள் வேண்டாம் என்றால் வர முடியாது, எவ்வளவு நன்கொடை தந்திருந்தாலும் சரி.