பெய்ஜிங் பயணம்: ஞாயிறுக்குள் பாஸ்போர்ட் விவரம் தேவை

எல்லோருக்கும் வணக்கம். கையில் நான்கே நாள், அதனால் பெய்ஜிங் மட்டும். ஷாங்காயையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு ரயிலிலேயே பொழுது போய்விடும்.

அரண்மனை நகருக்கு (சீனப் பேரரசர்களின் பழைய அரண்மனை, Forbidden City) ஏழு நாள் முன்பே ஆன்லைனில் டிக்கெட் திறப்பார்கள், சட்டென்று தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கும் பாஸ்போர்ட் எண்ணோடு பதிவு வேண்டும். முதல் பக்கத்தைப் படமெடுத்து ஞாயிறு இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், தயவுசெய்து குழுவில் போடாதீர்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குப் பெருஞ்சுவர் பார்த்துவிடலாம்.

பெருஞ்சுவரில் பாதாலிங் பக்கம் கூட்டம் அதிகம், முதியான்யூ பகுதிக்குப் போகலாம். ஏறுவதற்குத் தொங்கு நாற்காலி, இறங்குவதற்குச் சறுக்கு வண்டி! பிள்ளைகளுக்கு 600 ஆண்டுச் சுவரைவிட அந்தச் சறுக்கல்தான் நினைவில் நிற்கும், பரவாயில்லை. சின்னவர்கள் பெரியவர்களோடு சேர்ந்துதான் உட்கார வேண்டும்.

அப்புறம், கடைகளில் பணம் கட்ட எல்லாம் க்யூஆர் கோடுதான். புறப்படும் முன்பே அலிபே என்ற பணம் செலுத்தும் ஆப்பில் கார்டைச் சேர்த்துவிடுங்கள். ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்அப், கூகுள் மேப் திறக்காது. ஆளுக்கொரு ரோமிங் பிளான் போட்டுக்கொண்டால் இந்தக் குழுவிலேயே பேசிக்கொள்ளலாம்.

தேதி இன்னும் முடிவாகவில்லை. அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம். தேசிய நாள் விடுமுறை, ஊரே அங்கேதான் நிற்கும்.