இடக்கைக்கு ஏற்ற கறிக்கத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த மாதம் ஒசாக்காவுக்குப் போகும்போது சுட்ட கறியை அரிய ஒரு ஜப்பானியக் கத்தி வாங்கப்போவதாகவும், சுஷிக் கடையில் பார்த்த அந்த நீளக் கத்தியே வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நீ பார்த்தது யானகிபா. பச்சை மீனுக்கென்றே உருவான அந்தக் கத்தியை ஒரு பக்கம் மட்டும்தான் சரிவாகத் தீட்டியிருப்பார்கள். மறுபக்கம் லேசாகக் குழிந்திருக்கும். மெல்லிய மீன் துண்டு அலகில் ஒட்டாமல் விலக அது உதவுகிறது. ஆனால் முழு ஆட்டுத்தொடையில் ஆழமாக இறக்கினால், கத்தி நேரே போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கும். போதாக்குறைக்கு உனக்கு இடக்கைப் பழக்கம். கடைகளில் இருக்கும் யானகிபாக்கள் பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கானவை. இடக்கைக்கு வேண்டுமென்றால் சொல்லிச் செய்யவைத்து, விலையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நீ கேட்டு வாங்க வேண்டியது சுஜிஹிகி. ‘சுஜி’ என்றால் தசைநார், ‘ஹிகி’ என்றால் இழுப்பு. மேலைநாட்டுக் கறிக்கத்தியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அலகை மெலிதாகவும் எஃகைக் கடினமாகவும் ஜப்பானியர் ஆக்கிக்கொண்டது இது. இருபுறமும் தீட்டியது, அகலம் குறைந்தது. அதனால் கறி அலகைப் பிடித்து இழுப்பதில்லை. ஆனாலும் சில கத்திகளில் வலப்பக்கச் சரிவு கூடுதலாக இருக்கும் என்பதால், இருபுறமும் சமமாகத் தீட்டியதா என்று கேட்காமல் பணத்தை எடுக்காதே.

நீளம் 240, 270, 300 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். நான் 270 என்பேன். என்னிடம் முன்பிருந்த எட்டு அங்குலக் கத்தியால் தொடைக்கறியை அரிந்தபோது, ஒரு துண்டுக்கு நான்கு முறை முன்னும் பின்னும் அறுக்க வேண்டியிருந்தது. துண்டின் முகத்தில் படிக்கட்டு போல வரிகள் விழுந்தன, சாறெல்லாம் பலகையில் தேங்கியது. நீண்ட அலகின் கைப்பிடிப் பக்கத்தைக் கறியில் வைத்து, அழுத்தாமல், முனை வரை ஒரே இழுப்பாக இழுத்தால் வெட்டிய முகம் வழவழப்பாக இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கியதும் அரியாமல் கால் மணி நேரம் ஆறவிடுவதும், நாரின் போக்குக்குக் குறுக்கே அரிவதும் கத்தியைப் போலவே முக்கியம்.

எஃகு விஷயத்தில் ஆசைப்படாதே. ‘வெள்ளைத்தாள்’, ‘நீலத்தாள்’ என்று அழைக்கப்படும் கரி எஃகுகள் அற்புதமாகக் கூராகும். ஆனால் ஈரத்தோடு அரை மணி நேரம் விட்டாலே துருப்பிடிக்கும். பாத்திரத்தைத் தொட்டியில் ஊறப்போடும் உன் வழக்கம் எனக்குத் தெரியும். விஜி-10 போன்ற துருவேறா எஃகு உனக்குப் போதும். கடின எஃகுக்கு எலும்பு ஆகாது: நான் மூட்டருகே அவசரமாகத் திருப்பியதில் கத்தியின் வாயில் அரிசிமணி அளவு சில்லு பெயர்ந்தது, அதைத் தீட்டிச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. அதனால் கத்தியோடு 1000 எண் தீட்டுக்கல் ஒன்றையும் வாங்கிக்கொள்.

நம்பா பகுதியிலுள்ள டோகுயாசுஜி தெருவில் சமையல் கருவிக் கடைகள் வரிசையாக உண்டு. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் பக்கத்திலுள்ள சகாய் நகருக்கே போய்விடு. அங்கே கத்தியின் அலகை அடித்து உருவாக்குபவர் ஒருவர், தீட்டுபவர் வேறொருவர், கைப்பிடி பூட்டுபவர் இன்னொருவர். மரத்தாலான உறையையும் கேட்டு வாங்கு. திரும்பும்போது மறதியாகக் கைப்பையில் வைத்துவிடாதே. விமான நிலையத்தில் ஒப்படைத்துவிடும் பெட்டிக்குள்தான் அது வர வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்