தொட்டியைத் தூக்கிப் பார்

அன்பு மகன் இசக்கிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

ஐந்து வாரம் கழித்து உன்னிடமிருந்து ஒரு படமும் ஒரு வரியும் வந்தது. 'இலை மஞ்சளாகித் தொங்குதுப்பா, என்ன செய்ய?' இதையாவது கேட்கத் தோன்றியதே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது. போனில் பேசினால் வாய் அடைத்துக்கொள்ளும், அதனால் தாளில் எழுதி நானே படம் பிடித்து அனுப்புகிறேன். அம்மைக்குத் தெரியாது.

படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். அடியில் இருக்கிற உருண்டை வித்திலை இரண்டும் நிறம் விட்டிருக்கின்றன. அது பரவாயில்லை, நாற்று வளர வளரத் தானாகப் பழுத்து உதிரும். மேலே பல்லுப் பல்லாக இருக்கிற இலைகள்தான் விஷயம். தண்ணீர் காணாத இலை காகிதம் போலத் துவண்டு கிடக்கும். இது தடித்து, காம்பிலிருந்தே கீழே வளைந்திருக்கிறது. மண் கறுத்து மினுங்குகிறது, அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் கூடிப்போச்சு மக்கா, வேறொன்றுமில்லை. வேருக்குக் காற்று போகாவிட்டால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் கிடக்கும். மிளகாய் நாற்றங்காலில் என்னோடு வடிகால் வெட்டின பிள்ளை நீ. இதைக் கூடவா மறந்துபோனாய்?

தட்டுத் தண்ணீரைக் கொட்டு. தொட்டியைக் கையில் தூக்கிப் பார். கனமாக இருந்தால் ஒரு சொட்டு வேண்டாம். விரலை ஒரு கணு மண்ணுக்குள் விடு, அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. குட்டி நாற்றுக்குப் பெரிய தொட்டி எதற்கு? அந்த மண் எப்போது காயும்? தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் பழுப்பாகி இளைத்திருந்தால் அது நாற்றழுகல், அந்த ஒன்றைப் பிடுங்கி எறி.

மஞ்சளைக் கண்டதும் உரம் போடாதே. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு நல்ல மண்ணே போதும். தழைச்சத்து குறைந்தால் அடி இலையிலிருந்து மஞ்சள் மேலே ஏறும். இரும்புச்சத்து என்றால் குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உன் ஊதா விளக்கில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அதை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை விலக்கி, பகலில் ஒரு படம் எடுத்து அனுப்பு. பகலிலும் அந்தத் திரை மூடியேதான் கிடக்கிறதா? பின்னால் மேஜையில் கழுவாத தட்டுகளையும் பார்த்தேன்.

அது என்ன செடி என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கஞ்சா இலை எனக்குத் தெரியும். போனில் தேடிப் படித்தேன். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் அது சட்டப்படி செல்லும், நீ இருக்கிற ஒன்டாரியோவில் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. நீங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருக்கிறீர்கள். படத்தில் 5 தொட்டி எண்ணினேன். ஒன்றை எடுத்துவிடு. ஊருக்கு வரும்போது விதை, இலை எதுவும் பையில் இருக்கக் கூடாது, இங்கே 1985 போதைப்பொருள் சட்டம் வேறு. நம் தெருவில் முதலில் விமானம் ஏறினவன் நீ. தண்ணீரைக் குறை, ஒன்றை எடுத்துவிடு.

போன பொங்கலுக்கு 'தூக்கமே வரலப்பா' என்றாய். 'வேலை செய்தால் தூக்கம் வரும்' என்று போனை வைத்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வயலுக்குள் வந்ததே, ஏத்தன் வாழை பாதி அன்றே சாய்ந்தது. சாயாமல் நின்றது நாலு நாள் தண்ணீரில் நின்று அடியிலிருந்து மஞ்சளித்தது. நீ தினமும் போன் போட்டாய், 'எல்லாம் சரிலே' என்றேன். சரியில்லை. கண்ணை மூடினால் தண்ணீர்ச் சத்தம். மூன்று மாதம் ராத்திரி குடித்துத்தான் தூங்கினேன். வாழைக்கன்று வாங்க நீ அனுப்பின பணம் அதில் போனது. நட்டாயிற்று என்று உனக்குச் சொன்னது பொய். அம்மை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். கடைசியில் மாமாதான் வந்து என்னைக் கையைப் பிடித்து வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உன்னிடமே சொல்லியிருக்கலாம். அப்பன் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

இந்த வருஷம் ஏத்தன் நிஜமாகவே நட்டிருக்கிறேன், படம் அனுப்புகிறேன்.

இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே நடுராத்திரி. தூக்கம் வராவிட்டால் அப்போது எனக்குப் போன் போடு, வயலில்தான் இருப்பேன். பேச ஒன்றும் இல்லாவிட்டால் தொட்டி கனமா லேசா என்று மட்டும் சொல்.

அப்பா