சிக்கலின் வேர் 1911இல் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1955இல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாடு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, இந்தோனேசியச் சீனர்களின் இரட்டைக் குடியுரிமைச் சிக்கலை சீனப் பிரதமர் சூ என்லாயும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுனார்யோவும் அதே ஆண்டில் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்தே சொல்லத் தொடங்குகிறது. அந்த முடிச்சு விழுந்தது டச்சு ஆட்சிக் காலத்தில் என்பதைச் சொல்லாமல் விட்டது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

சீனத் தந்தைக்குப் பிறந்தவர் எந்த மண்ணில் பிறந்தாலும் சீனரே என்று அன்று சீனாவை ஆண்ட சிங் அரசு 1909இல் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே, தன் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) குடியிருக்கும் பெற்றோருக்கு அங்கே பிறந்தவர்கள் தன் பிரஜைகள் என்று நெதர்லாந்து சட்டம் கொண்டுவந்தது. ஜாவாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பெரானாகான் (அங்கேயே வேரூன்றிய சீன வம்சாவளி) குடும்பங்களை ஒரு வார்த்தை கேட்காமலேயே இரண்டு அரசுகளும் உரிமை கொண்டாடின.

ஜாவாவில் தூதரகம் அமைக்கச் சீனா நெடுங்காலமாகக் கேட்டுவந்தது. சீனத் தூதர் அங்கே இன்னொரு அதிகார மையமாகிவிடுவார் என்று அஞ்சிய டச்சு அரசு, பிரஜை யார் என்பது தன் சட்டப்படியே தீர வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றது. 1911 மே 8ஆம் நாள் பீக்கிங்கில் கையெழுத்தான உடன்படிக்கையில் சீனாவுக்குத் தூதரகம் கிடைத்தது. டச்சுக் குடியேற்றங்களில் பிரஜை யார் என்பதில் டச்சுச் சட்டமே செல்லும் என்பதைச் சீனா ஏற்றுக்கொண்டது. அதே மனிதர் சீனா சென்றால் அங்கே சீனராக இருப்பதற்கு டச்சு அரசு தடை சொல்லாது. அதாவது, பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறும்போது டச்சுப் பிரஜையாக இருந்தவர், சீனாவின் அமோய் துறைமுகத்தில் இறங்கும்போது சீனப் பிரஜை.

அந்த டச்சுப் பிரஜைக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்தது? சட்டம் அவரை 'அயல் கீழைத்தேயத்தார்' (வெளியிலிருந்து வந்த ஆசியர்) என்ற வகையில்தான் வைத்திருந்தது. சீனர் குடியிருப்புப் பகுதிக்குள்தான் வசிக்க வேண்டும், வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் 1910களில்தான் படிப்படியாக விலகின. ஜப்பானியரோ 1899 முதலே ஐரோப்பியருக்குச் சமமாக நடத்தப்பட்டனர். பிரஜை என்று பெயர் சூட்டிவிட்டு அந்நியராக நடத்திய இந்த அநீதிதான் பலரைச் சீனாவின் பக்கம் திருப்பியது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டில் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ந்தெடுக்கலாம் என்று 1955 ஒப்பந்தம் அந்த மக்களிடமே முடிவை ஒப்படைத்தது. அதற்காக அதைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1960இல்தான். 1969இல் இந்தோனேசியா அதைத் தன்னிச்சையாக ரத்து செய்தபோது, பெற்றோர் சீனக் குடியுரிமையைத் தேர்ந்திருந்தாலும் வயது வந்தபின் தாமே முடிவு செய்யலாம் என்று காத்திருந்த பிள்ளைகள் அந்த வாய்ப்பையும் இழந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.