வெண்கல ஜாதிக்காயும் வெல்டிங் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொது இடங்களுக்குச் சிற்பம் செய்பவர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சிற்பி குமாரி நாகப்பனைப் பற்றி எழுதியது நல்ல விஷயம். நம் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன என்பதே என் பேத்திக்கு அயன் ஆர்ச்சர்ட் கடைத்தொகுதியின் வாசலில் நிற்கும் அவருடைய வெண்கல ஜாதிக்காயைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 1972இல் திறக்கப்பட்ட சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட 70 டன் மெர்லயன் சிலையைச் செய்த லிம் நாங் செங்கை மட்டும் விட்டுவிட்டீர்கள். சரி, இடம் போதவில்லை போலும்.

என்னை உறுத்தியது வேறு. ஒரு சிற்பத்துக்கே பெரிய தொகை கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். துவாஸில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவன் நான். சிற்பிகளின் வேலையும் அவ்வப்போது எங்களிடம் வரும். அந்தத் தொகை சிற்பியின் சம்பளம் இல்லை, ஐயா. வார்ப்புக்கூலி, எஃகு, காற்றுக்குத் தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறியாளர், காப்புறுதி, லாரி, சாலை காலியாக இருக்கும் நடுராத்திரியில் வரும் கிரேன், எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அப்புறம் அடுத்த வேலை எந்த வருஷம் வருமோ! பலர் வகுப்பெடுத்துத்தான் நாளை ஓட்டுகிறார்கள்.

சிற்பியான ஒரு அம்மையார் நினைவுக்கு வருகிறார். எவர்சில்வர் துண்டுகளை ஒட்டி, தேய்த்து, பளபளவென்று வைத்திருந்தோம். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். “அண்ணே, இங்க இருக்கு” என்றார். என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மறுபடியும் கிரைண்டர். இப்படியே மூன்று தடவை. எனக்கு எரிச்சல்தான், ஒளிப்பானேன்? நாலாவது தடவை நானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். வெல்டிங் போட்ட இடம் என் விரலுக்கே அகப்படவில்லை.

சிற்பம் நின்ற பிறகு, வேலை கொடுத்தவர்கள் கடைசித் தவணையை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். எங்கள் கூலியை மட்டும் அந்த அம்மையார் தம் சேமிப்பிலிருந்து எடுத்து அன்றே கொடுத்துவிட்டார். அந்த வேலையில் அவருக்கு என்ன மிஞ்சியதென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை சிற்பிகளைப் பேட்டி எடுக்கும்போது, செலவெல்லாம் போகக் கையில் என்ன நின்றது என்று நீங்களாவது கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர்,
ஜூரோங் வெஸ்ட்